ஈயத்துக்கு உரைகல் உண்டா?

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் ஒரு சாரார் குண்டைக் கடையில் வாங்குவதில்லை. பழைய ஈயத்தைத் தேடிப் பிடித்து, வீட்டுக் கொட்டகையில் உருக்கி, அச்சில் ஊற்றித் தாங்களே வார்த்துக்கொள்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு வார்க்க அங்கே மத்திய அரசின் உரிமம் வேண்டியதில்லை, விற்பதென்றால்தான் வேண்டும். நம் ஊரில் இப்படி ஒரு பொழுதுபோக்கு தலைதூக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விடாது. துப்பாக்கி மோகத்தின் நல்லது கெட்டது வேறு பஞ்சாயத்து. அந்தக் கொட்டகைகளில் அன்றாடம் எழும் ஓர் உலோகவியல் கேள்விதான் இங்கே விஷயம்: காயலான் கடையிலிருந்து வந்த இந்தக் கட்டியில் ஈயத்தோடு வேறென்ன கலந்திருக்கிறது?

தங்கம் என்றால் ஆசாரி உரைகல்லில் ஒரு கோடு இழுத்து மாற்றுச் சொல்லிவிடுவார். ஈயம் வார்ப்பவர்கள் அப்படியொரு உரைகல்லாகப் பிடித்துக்கொண்டது கடினத்தன்மையை. பிரினெல் எண் என்று அதற்குப் பெயர். ஸ்வீடன் பொறியாளர் யோஹான் ஆகஸ்ட் பிரினெல் 1900இல் உலகுக்குக் காட்டிய முறை அது. கெட்டியான சிறு உருண்டையைத் தெரிந்த எடையோடு உலோகத்தில் அழுத்தி, விழுந்த குழியின் அகலத்தை அளந்தால் ஓர் எண் வரும். இந்தப் பொழுதுபோக்கில் அந்த எண்ணுக்கு இருக்கும் மரியாதை அசாதாரணமானது. கட்டி எந்த வகை, எதனோடு கலக்கலாம், எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அதையே விடையாகச் சொல்கிறார்கள். இந்த மூன்றில் எத்தனைக்கு அது தகுதியான சாட்சி?

முதலில் உலோகங்களைப் பார்த்துவிடலாம். தூய ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், பிரினெல் எண் ஏறக்குறைய 5, நகத்தால் கீறலாம். அதைக் கடினமாக்குவது ஆன்டிமனி. வெள்ளீயமும் ஓரளவு கடினமாக்கும். ஆனால் அதன் உண்மையான வேலை உருகிய உலோகத்தை இளக்கமாக ஓடவிட்டு, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பச் செய்வது. அதற்கு நூற்றுக்கு இரண்டு பங்கு போதும். அதற்குமேல் போடுவது பெரும்பாலும் காசைக் கரைப்பதுதான். லைமன் நிறுவனம் பெயர் கொடுத்த 'இரண்டாம் எண்' கலவை இந்த உலகில் ஒரு மைல்கல்: ஈயம் 90, வெள்ளீயம் 5, ஆன்டிமனி 5, பிரினெல் எண் 15. பழைய இரும்புக் கடையைச் சுற்றுகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் இதன் பக்கமாக வந்து சேரவே முயல்கிறார்கள்.

அதற்கான மூலப்பொருள் இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று, கார் சக்கரத்தைச் சமன் செய்ய விளிம்பில் கவ்வ வைக்கும் எடைக்கட்டி. ஆன்டிமனி 3 சதவீதம், வெள்ளீயம் அரை சதவீதம், கொஞ்சம் ஆர்சனிக் என்பது அதற்குச் சொல்லப்படும் பொதுக்கணக்கு. பிரினெல் எண் 12 அளவில். டயர் கடைகளில் வாளி வாளியாகக் கிடைத்த காலம் உண்டு. கலிபோர்னியா 2010இல், வாஷிங்டன் மாநிலம் 2011இல் என வரிசையாக ஈய எடைக்குத் தடை வர, அந்த வாளிகளில் துத்தநாகமும் இரும்பும் கலந்துவிட்டன. இன்னொன்று அச்சகம். 1886இல் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழில் வேலையைத் தொடங்கிய லைனோடைப் இயந்திரம் வெள்ளீயம் 4, ஆன்டிமனி 12 கொண்ட உலோகத்தை வரிவரியாக வார்த்தது. 1978 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் ஈய எழுத்தைக் கைவிட்டது. மற்ற அச்சகங்களும் ஒவ்வொன்றாகக் கைவிட, மலைபோல் குவிந்த எழுத்துலோகம் குண்டு வார்ப்பவர்களின் உலைக்குப் போயிற்று. இன்று அந்த மலை கரைந்துவிட்டது. அதனால்தான் கூரைத் தகடு, பழைய குழாய், எக்ஸ்ரே அறைச் சுவர்த் தகடு, சால்டரிங் கம்பி, சுடுதிடல் மண்மேட்டிலிருந்து சலித்தெடுத்த பழைய குண்டு என்று பெயர் தெரியாத சரக்கு மேலும் மேலும் உலைக்கு வருகிறது. கட்டி எது என்ற கேள்வி முன்னைவிட இப்போது கூர்மையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

  

கைவைத்தியச் சோதனைகளை விரைவாகக் கடந்துவிடலாம். நகக் கீறல், தூய ஈயத்தை மற்றவற்றிலிருந்து பிரிக்கும், அவ்வளவுதான். தரையில் போட்டால் மென்மையான ஈயம் தொப்பென்று விழும், ஆன்டிமனி ஏறியது கணீரென்று ஒலிக்கும். கட்டியின் உருவமும் பருமனும் மாறினால் ஒலியும் மாறுமென்பதால் இதை நம்பிக் கலக்க முடியாது. ஓவியர்கள் பயன்படுத்தும் பென்சில் தொகுதியால் ஒன்றன்பின் ஒன்றாகக் கீறிப் பார்க்கும் முறை சற்றுத் தேவலை. ஆனால் ஒரு பென்சிலுக்கும் அடுத்ததற்கும் இடையில் சில பிரினெல் எண்களே மறைந்துகொள்ளும். இவற்றை யாரும் இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்லை என்பதால் இவற்றால் பெரிய கேடும் இல்லை. அளவுக்கு மீறிய நம்பிக்கை பெற்றிருப்பது கருவியால் வரும் எண்தான்.

லீ நிறுவனத்தின் சிறு கருவி வீட்டு மேசைகளில் பரவலாகக் காணப்படுவது: 5/32 அங்குல உருண்டை, 60 பவுண்டு அழுத்தம், 30 விநாடி, பிறகு நுண்ணோக்கியில் குழியின் விட்டம். கையை ஆடாமல் வைத்துப் பார்க்கப் பொறுமை வேண்டும். ஆனால் அளவுக் கருவியாக அதில் குறையில்லை. குறை, அதனிடம் கேட்கப்படும் கேள்வியில் இருக்கிறது.

கட்டி எது என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். 16 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் சேர்த்த கலவையின் பிரினெல் எண் 11. சக்கர எடை 12. அளக்கும் பிழைக்குள் இரண்டும் ஒன்றே. உள்ளே இருப்பதோ வேறு வேறு. முதலாவதில் ஆன்டிமனியே இல்லை. இலக்கில் பட்டால் உடையாமல் விரியும். தண்ணீரில் குளிரவைத்தாலும் கடினமாகாது. இரண்டாவதில் வெள்ளீயம் அநேகமாக இல்லை. தண்ணீரில் போட்டால் கடினத்தன்மை சட்டென ஏறும். எண்ணை மட்டும் நம்பி, ஒன்றென்று எண்ணி மற்றதோடு ஆன்டிமனியையும் வெள்ளீயத்தையும் கூட்டுகிறவர் எங்கே போய் நிற்பார் என்று அவருக்கே தெரியாது.

தண்ணீர் விஷயம் இன்னும் ஆழமாகப் போகிறது. 252 டிகிரியில் திட ஈயம் தனக்குள் சுமார் மூன்றரை சதவீதம் ஆன்டிமனியைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அறை வெப்பத்தில் அரை சதவீதம்கூடத் தாங்காது. மெல்ல ஆறவிட்டால் மிகுதி ஆன்டிமனி பிரிந்து ஒதுங்கும். அச்சிலிருந்து சூடாகவே தண்ணீரில் தள்ளினால் ஒதுங்க நேரமில்லாமல் உள்ளே சிக்கிக்கொள்ளும், கட்டி இறுகும், ஆர்சனிக் துளி இதற்குத் துணைபோகும். 12 காட்டிய சக்கர எடை உலோகம் இப்படி 20ஐத் தொடுவது வழக்கமான செய்தி. அது முதல் நாளில் ஓர் எண், இரண்டு வாரம் கழித்து வேறொரு எண் என்று ஏறி, வருடக்கணக்கில் கிடந்தால் மெல்ல இறங்கவும் செய்யும். ஆக, கட்டியின் மேல் 18 என்று எழுதிவைத்தால், அது எப்போது வார்த்தது, எப்படி ஆறியது என்பதும் கூட எழுதப்படாதவரை, அந்த எண்ணிலிருந்து கலவையை யாரும் மீட்டெடுக்க முடியாது.

அடுத்து, கலக்கும் கணக்கு. வார்ப்பவர்களிடையே ஒரு சூத்திரம் கைமாறி வருகிறது: 8.60-உடன், வெள்ளீய சதவீதத்தை 0.29 ஆலும் ஆன்டிமனி சதவீதத்தை 0.92 ஆலும் பெருக்கிக் கூட்டினால் பிரினெல் எண். லைமன் கலவைக்குப் போட்டால் 14.65, அருமையான பொருத்தம். சக்கர எடைக்கு 11.5, அதுவும் சரி. லைனோடைப்புக்கு 20.8, உண்மை 22 ஆனாலும் பரவாயில்லை. இப்போது ஒன்றும் கலக்காத ஈயத்துக்குப் போட்டுப் பாருங்கள். 8.6 வருகிறது. உண்மை 5. தொடக்கப் புள்ளியிலேயே எழுபது சதவீதத்துக்கு மேல் பிழை. நடுவில் சில கலவைகளுக்குப் பொருந்தும்படி இழுத்த நேர்கோட்டை இயற்கை விதியென்று எடுத்துக்கொண்டதன் விளைவு இது. தூய ஈயத்தோடு கொஞ்சம் ஆன்டிமனி சேர்த்து மெல்லிய கலவை செய்கிறவருக்கு, அதாவது சூத்திரம் மிகவும் தேவைப்படுகிறவருக்கு, அது மிக மோசமாக வழிகாட்டுகிறது.

மூன்றாவது கேள்வியான அழுத்தத்தில்தான் இந்த வழிபாடு உச்சத்தைத் தொடுகிறது. பிரினெல் எண்ணை 1,422 ஆல் பெருக்கு, வருவது அந்தக் குண்டு தாங்கும் அழுத்தம், சதுர அங்குலத்துக்குப் பவுண்டுக் கணக்கில் என்பது ரிச்சர்ட் லீயின் 'மாடர்ன் ரீலோடிங்' நூல் வழியாகப் பரவிய விதி. அதில் பத்து சதவீதம் கழித்துப் பாதுகாப்பாக நிற்கச் சொல்வார்கள். 1,422 எங்கிருந்து வந்தது? சதுர மில்லிமீட்டருக்கு ஒரு கிலோ என்ற அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்குப் பவுண்டாக மாற்றினால் 1,422 வரும். வேறொன்றுமில்லை. கிலோமீட்டரை மைலாக்குவதுபோன்ற அலகு மாற்றம் ஒன்று, உலோகத்தின் வலிமை பற்றிய கண்டுபிடிப்பின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அலகை மாற்றியதில் தவறில்லை. கடினத்தன்மையும் இளகத் தொடங்கும் அழுத்தமும் ஒன்றே என்று கொண்டது தவறு. உருண்டை அழுத்தும்போது சுற்றியுள்ள உலோகம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அதனால் குழி காட்டும் எண், உலோகம் இளகத் தொடங்கும் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. டேவிட் டேபர் 1951இல் வெளியிட்ட உலோகக் கடினத்தன்மை நூலுக்குப் பிறகு இது பாடப்புத்தகச் செய்தி. அந்தக் கணக்கில் சக்கர எடைக் குண்டு 17,000க்கு அல்ல, 6,000க்குள்ளேயே இளக வேண்டும். நடைமுறையோ எதிர்த்திசையில் சாட்சி சொல்கிறது. துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் தன் கனத்த .44 குண்டுகளுக்குப் பரிந்துரைத்தது 16-க்கு 1 என்ற அந்த மென்மையான கலவைதான். விதிப்படி அது 15,600இல் தோற்க வேண்டும்; .44 மேக்னம் தோட்டாவின் உச்ச அழுத்தம் 36,000. ஆக, விதி இரண்டு பக்கமும் தவறுகிறது. கணக்குக்கு மேல் குண்டு தாங்குவதற்குக் காரணம் உண்டு. பிரினெல் சோதனை 30 விநாடி எடுத்துக்கொள்கிறது. துப்பாக்கிக் குழலுக்குள் குண்டு இருப்பது ஓரிரு மில்லிவிநாடி. அறை வெப்பமான 27 டிகிரி, தனிச்சுழியிலிருந்து எண்ணினால், ஈயத்தின் உருகுநிலையில் சரிபாதி. அத்தகைய உலோகம் எடை ஏறி நிற்க நிற்கத் தானாக ஊர்ந்து இளகும். அடி திடீரென்று விழுந்தால் விறைத்து நிற்கும். போதாததற்குக் குழலின் சுவர் குண்டை நாற்புறமும் கட்டிப்பிடித்திருக்கிறது. மூன்று மடங்கு மிகைப்படுத்திய பிழையும், வேகத்தையும் குழலையும் மறந்த பிழையும் ஒன்றையொன்று தின்றுவிடுவதால் விதி சில சமயம் பொருந்துவதுபோலத் தெரிகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. விதி அறிவியலாக இல்லாவிட்டாலும், அதைப் பின்பற்றியவர்களின் குழலில் ஈயம் ஒட்டுவது குறைந்தது, இலக்கில் குண்டுகள் நெருங்கி விழுந்தன என்கிறார்கள் அனுபவஸ்தர்கள். அனுபவம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கடினத்தன்மையைப் பார்த்துப் பார்த்து வார்க்கிறவர் மற்றவற்றிலும் கவனமாகவே இருப்பார்: குண்டின் விட்டத்தைக் குழலுக்குப் பொருத்துவார், மெழுகு சரியாகப் பூசுவார், குறையுள்ள குண்டுகளைத் தள்ளுவார். குழலில் ஈயம் படிவதற்குக் குண்டின் மென்மையைவிட விட்டக் குறைவே பெரும்பாலும் காரணம் என்று வேதியியலாளரும் கைத்துப்பாக்கி வார்ப்பு பற்றி நூலெழுதியவருமான கிளென் ஃபிரிக்ஸெல் போன்றோர் வாதிடுகிறார்கள். மட்டுமீறிக் கடினமான குண்டு, குறைந்த அழுத்தத்தில் விரிந்து குழலை அடைக்காமல், பின்னாலிருந்து சூடான வாயு ஓரத்தை அரித்துக்கொண்டு போக வழிவிடும். கடினத்தன்மையை ஏற்றுவதே இங்கு நோயாகிவிடுகிறது. அந்த வாதத்தின் பக்கமே நானும் நிற்கிறேன்.

சரி, கடினத்தன்மை அடையாளம் சொல்லாது என்றால் எது சொல்லும்? அடர்த்தியை முயலலாம். ஈயம் 11.34, லைனோடைப் கணக்குப்படி 10.3 அளவில் வரும். இந்த இரண்டையும் தண்ணீரில் தொங்கவிட்டு எடைபோட்டே பிரித்துவிடலாம். ஆனால் வெள்ளீயமும் ஆன்டிமனியும் அடர்த்தியில் அண்ணன் தம்பி: 7.3, 6.7. நாம் மேலே பார்த்த சிக்கலான ஜோடிக்குக் கணக்குப் போட்டால் சக்கர எடை 11.08, 16-க்கு 1 கலவை 10.98. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வார்ப்பில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலே அது அழிந்துவிடும்.

பலரிடம் ஏற்கெனவே இருந்தும் இந்தக் காரியத்துக்குப் பயன்படாமல் கிடக்கும் கருவி, உலைக்குள் நிற்கும் வெப்பமானி. உருகிய உலோகத்தை மெல்ல ஆறவிட்டு நிமிடத்துக்கு நிமிடம் வெப்பத்தைக் குறித்தால், உறையத் தொடங்கும் இடத்தில் இறக்கம் தயங்கும். தூய ஈயம் 327இல் ஒரே மூச்சில் உறையும். லைனோடைப் 240ஐ ஒட்டி, அதுவும் ஒரே மூச்சில். ஒவ்வொரு சதவீத ஆன்டிமனியும் தொடக்கப் புள்ளியை ஏறத்தாழ 7 டிகிரி கீழே தள்ளும். வெள்ளீயம் இரண்டு சொச்சம்தான். அதைவிட முக்கியம் இரண்டாவது தயக்கம். சக்கர எடை 305 பக்கம் உறையத் தொடங்கி, நெடுநேரம் கூழாக இருந்து, 250ஐ நெருங்கும்போது மறுபடி ஒருமுறை நிற்கும். உள்ளே ஆன்டிமனி இருக்கிறது என்பதன் கையெழுத்து அது. 16-க்கு 1 கலவையில் அந்த இரண்டாவது நிறுத்தம் அங்கே இருக்காது. கடினத்தன்மையால் பிரிக்க முடியாத ஜோடியை இது பிரித்துவிடுகிறது. தண்ணீரில் குளிர்வித்தது, வருடக்கணக்கில் கிடந்தது போன்ற பழைய கதையெல்லாம் உருக்கியதுமே அழிந்துவிடுவதால், அவை இதைக் குழப்பவும் முடியாது. வெப்பமானி பொய் சொல்கிறதா என்று பார்க்கத் தூய ஈயத்தை ஒருமுறை உறையவிட்டால் போதும். ஆன்டிமனி 3 சதவீதமா மூன்றரையா என்று இது அறுதியிட்டுச் சொல்லாது; எந்தக் குடும்பம் என்று சொல்லும்.

எக்ஸ்ரே துப்பாக்கி (கலவையை அளக்கும் கைக்கருவி) வைத்திருக்கும் காயலான் கடைக்காரரிடம் காட்டினால் சதவீதமே கிடைக்கும். அதன் பார்வை மேல்தோலோடு சரி. கசடு படிந்த பரப்பைக் காட்டினால் கசடின் கணக்கையே சொல்லும். சுரண்டிவிட்டுக் காட்ட வேண்டும். ஒரு பெரிய கொள்முதலுக்கு இதைவிட மலிவான தெளிவு இல்லை.

கலக்கும் கணக்குக்கு மீண்டும் வருகிறேன், ஏனென்றால் பொய்த் துல்லியம் குடியிருக்கும் இடம் அது. கணினித் தாளில் எடைகளைப் போட்டால் வெள்ளீயம் 2.13, ஆன்டிமனி 4.87 என்று இரண்டு தசமத்துக்கு விடை வரும். உள்ளே போட்ட 'சக்கர எடை 3 சதவீதம்' என்பது ஊர்வழக்குச் சராசரி. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர், வருடத்துக்கு வருடம் மாறியது. லைனோடைப்பும் அப்படியே. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கசடோடு போய்விடுவதால், அச்சகத்தார் அவ்வப்போது சத்து உலோகம் சேர்த்துச் சரிசெய்வார்கள். கடைசியாக எப்போது சேர்த்தார்கள் என்பதைக் கட்டி சொல்லாது. அதே அச்சகத்திலிருந்து வெள்ளீயம் 9, ஆன்டிமனி 19 கொண்ட மோனோடைப் எழுத்துலோகமும் வந்திருக்கலாம். இந்த நிலையில் விவேகமான வழி, கிடைத்ததையெல்லாம் சிறிது சிறிதாக வார்க்காமல், பெரிய அண்டாவில் ஒரே தொகுதியாக உருக்கிக் கலந்து பாளங்களாக்கி, தேதியும் தொகுதிக் குறியும் குத்திவைப்பது. கலவை இன்னதென்று தெரியாவிட்டாலும் பாளத்துக்குப் பாளம் மாறாது. இலக்கில் குண்டுகள் நெருங்கி விழுவதற்கு வேண்டியது அந்த மாறாத்தன்மைதான். கடினத்தன்மைக் கருவி தன் நியாயமான வேலையைப் பெறுவதும் இங்கேதான்: ஒரே தொகுதியின் இரண்டு பாளங்கள், ஒரே விதமாக ஆறி, ஒரே வயதில், ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று சரிபார்ப்பது.

துத்தநாகத்தைப் பற்றிய பொதுப்புத்தி ஓரளவு சரி. அது 419இல் உருகும், ஈயத்தைவிட இலேசு, உலையை 370க்குக் கீழே வைத்தால் துத்தநாக எடைகள் உருகாமல் மிதக்கும், அள்ளிப் போட்டுவிடலாம். ஆனால் உருகாத துத்தநாகமும் உருகிய ஈயத்தில் சிறிது சிறிதாகக் கரையும். மிதக்கிறதே என்று விட்டுவைத்தால், அச்சில் சரியாக நிரம்பாமல் கஞ்சிபோல் திரளும் உலோகம் கையில் நிற்கும். உலைக்குப் போகும் முன்பே பொறுக்குவதுதான் வழி. பலவற்றில் துத்தநாகக் குறி பொறித்தே இருக்கும். இல்லாததை இடுக்கியால் கடித்துப் பார்த்தால் ஈயம் பதியும், துத்தநாகம் பதியாது.

கார் பேட்டரி ஈயத்துக்கு மட்டும் எந்தச் சோதனையும் வேண்டியதில்லை. அதைத் தொடவே கூடாது. இன்றைய பேட்டரித் தகடுகளில் கால்சியம் இருக்கிறது. அது ஆன்டிமனியோடும் ஆர்சனிக்கோடும் சேர்ந்து கசடாக ஒதுங்கும். அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஸ்டிபைன், ஆர்சைன் வாயுக்கள் கிளம்பும். ஆர்சைன் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து ஆளைக் கொல்லக்கூடியது.

சாதாரண ஈயத்தின் ஆபத்தோ பலர் பயப்படும் இடத்தில் இல்லை. வார்க்கும் வெப்பத்தில் ஈய ஆவி மிகக் குறைவு. வழித்தெடுத்த கசடின் மாவுபோன்ற தூள், சுடுதிடல் மண்ணைச் சலிக்கும் புழுதி, கழுவாத கையில் எடுத்த தின்பண்டம், கொட்டகைச் செருப்போடு வீட்டுக்குள் நடப்பது இவைதான் உடம்புக்குள் போகும் வழிகள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் குழந்தைகளுக்கான எச்சரிக்கை அளவை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாக இறக்கியது. தவழும் குழந்தை உள்ள வீட்டில், தனிக் கொட்டகையும் தனி உடுப்பும் இல்லாமல் இந்த வேலையைச் செய்வதை எந்தச் சிக்கன வாதமும் நியாயப்படுத்தாது. ஈயம் வார்ப்பவர் கடினத்தன்மைக் கருவிக்குச் செலவிடுவதற்கு முன் இரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் செலவிடலாம்.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால், கைத்துப்பாக்கியில் மிதமான வேகத்தில் காகித இலக்கைச் சுடுகிறவருக்கு இந்த அடையாளச் சர்ச்சையில் பெரும்பகுதி தேவையற்றது. வந்த இடம் தெரிந்த ஈயம், பெரிய தொகுதி, வெப்பமானி, இரண்டு சதவீத வெள்ளீயம், குழலுக்குப் பொருந்தும் விட்டம் போதும். அவருக்குப் பிரினெல் எண் ஒரு குறிப்பேட்டுச் செய்தி. முன்வாய் வழியாக மருந்திடும் பழையவகைத் துப்பாக்கிக்காரருக்குத் தேவை தூய ஈயம் மட்டுமே. அதன் மினியே குண்டு விரிந்து குழலை அடைத்தால்தான் வேலை செய்யும். அவருக்கு நகமே போதிய சோதனை. வேகமான ரைஃபிளுக்கு வார்ப்பவரின் நிலைமை வேறு. அங்கே ஒரு சதவீத ஆன்டிமனி கூடுவதும் குறைவதும் இலக்கில் தெரியும். பழைய சரக்கை எத்தனை சோதித்தாலும் வீட்டுச் சோதனைகளின் பிழை அந்த ஒரு சதவீதத்தை விழுங்கிவிடும். அவர் உருக்காலை முத்திரையோடு வரும் சான்றளித்த கலவையை விலை கொடுத்து வாங்குவதே சரி. சேமித்துவைத்த காயலான் ஈயத்தைக் கைத்துப்பாக்கிக்காரருக்கு விற்றுவிடலாம்.